கல்பும் இதயமும்: நபிமொழியிலும் பழைய மருத்துவ நூல்களிலும் இதய நலம் தேடத் தொடங்குபவருக்கு

போன வருடம் எங்கள் சாச்சாவுக்கு (சித்தப்பாவுக்கு) நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். வீடு வந்து சேர்ந்த மறுநாளே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு மருந்துக்கடையே திறந்துவிட்டது. ஏழு அஜ்வா பேரீச்சம்பழம், கருஞ்சீரக எண்ணெய், தேனில் ஊறிய பூண்டு, ஹிஜாமா (கீறி ரத்தம் எடுக்கும் வைத்தியம்), "இப்னு ஸீனா சொன்ன இதய லேகியம்". ஒவ்வொன்றின் கீழும் "இது சுன்னத்தான (நபிவழி) மருத்துவம்" என்று ஒரு வரி. எதைச் சாப்பிடுவது, எதை விடுவது என்று தெரியாமல் சாச்சா என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

நான் மருத்துவரும் இல்லை, ஆலிமும் (மார்க்க அறிஞரும்) இல்லை. அவருக்குப் பதில் சொல்லவேண்டுமே என்று நபிமொழித் தொகுப்புகளையும் பழைய மருத்துவர்களைப் பற்றியும் படிக்கப்போய், சேர்ந்துவிட்ட குறிப்புகள்தான் இவை. புதிதாகத் தேடத் தொடங்குபவருக்கு எந்த வரிசையில் போனால் குழப்பம் குறையுமோ அந்த வரிசையில் தருகிறேன்.

முதல் படி: எந்த இதயத்தைச் சொல்கிறார்கள் என்று பாருங்கள்

இதயநோய் முகாம் நோட்டீஸ்களில் அடிக்கடி பார்க்கும் நபிமொழி ஒன்று உண்டு. "உடலில் ஒரு சதைத்துண்டு இருக்கிறது. அது சீராக இருந்தால் உடல் முழுவதும் சீராகும். அது கெட்டால் உடல் முழுவதும் கெடும். அதுதான் கல்பு (இதயம், உள்ளம்)." நுஃமான் பின் பஷீர் (ரலி) அறிவித்தது; புகாரி, முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்புகள் இரண்டிலும் இருக்கிறது. ரத்த ஓட்டத்தைப் பற்றிய பாடம் போலவே தோன்றும். ஆனால் அதன் தொடக்கத்தை நோட்டீஸில் போடமாட்டார்கள். ஹலால் தெளிவானது, ஹராம் தெளிவானது, இரண்டுக்கும் நடுவே சந்தேகமானவை இருக்கின்றன, வேலியோரம் ஆடு மேய்ப்பவன் உள்ளே போய்விடக்கூடும் என்று போகிற பேச்சின் முடிவில்தான் இந்த வரி வருகிறது. பேச்சு நடத்தையைப் பற்றியது.

குர்ஆனில் "அவர்களுடைய உள்ளங்களில் நோய் இருக்கிறது" (2:10) என்று வருவதும் நயவஞ்சகர்களைப் பற்றி. "அல்லாஹ்வை நினைவுகூர்வதால் உள்ளங்கள் அமைதி பெறுகின்றன" (13:28) என்பதும் அந்த உள்ளம்தான். இதை வைத்துக்கொண்டு திக்ர் (இறைநினைவு) செய்தால் இதய நாள அடைப்பு கரையும் என்று சொல்வது வசனத்தின் மேல் நாம் ஏற்றும் சுமை.

இந்தக் குழப்பத்தை 900 வருடத்துக்கு முன்பே ஒருவர் பிரித்து வைத்திருக்கிறார். இமாம் கஸ்ஸாலி (1058–1111) இஹ்யா என்ற தம் நூலில் கல்பு என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் சொல்கிறார். ஒன்று, நெஞ்சின் இடப்பக்கம் பைன் மரக்காய் வடிவில் இருக்கும் சதை. அது மிருகங்களுக்கும் உண்டு, இறந்தவருக்கும் உண்டு, அதைப் பற்றிப் பேசுவது மருத்துவர்களின் வேலை. இன்னொன்று, அறிவதும் பொறுப்பேற்பதுமான நுண்பொருள். அவர் பேசவந்தது அதைப் பற்றி. எந்தச் செய்தி வந்தாலும் முதலில் இந்த இரண்டில் எது என்று கேட்டுவிடுங்கள். பாதிச் செய்திகள் அங்கேயே உதிர்ந்துவிடும்.

தமிழருக்கு இது ஒன்றும் புதிதல்ல. நெஞ்சு என்கிறோம், அது மனமும் ஆகிறது, மார்பும் ஆகிறது. வயிற்று அமிலம் மேலே வந்தால் அதற்கும் நெஞ்செரிச்சல் என்றுதான் பெயர். இந்த நெஞ்செரிச்சலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

இரண்டாம் படி: நபிமொழியை முழுதாகப் படியுங்கள்

ஏழு அஜ்வா கதைக்கு வருவோம். இதில் இரண்டு தனித்தனி அறிவிப்புகள் கலந்து கிடக்கின்றன. காலையில் ஏழு அஜ்வா சாப்பிடுபவரை அன்று விஷமும் சூனியமும் தீண்டாது என்பது புகாரியில் உள்ளது. அதில் இதயம் பற்றிய பேச்சே இல்லை. இதயத்தைப் பற்றிச் சொல்வது அபூதாவூத் என்ற தொகுப்பில் இருக்கிறது. நபித்தோழர் ஸஅத் (ரலி) நோயுற்றபோது நபி (ஸல்) பார்க்கவந்தார்கள். அவர் மார்பின் மேல் கை வைத்தார்கள்; அந்தக் கையின் குளிர்ச்சி நெஞ்சுக்குள் தெரிந்தது என்கிறார் ஸஅத். பிறகு "நீர் இதய நோயாளி. ஸகீஃப் குலத்து ஹாரிஸ் பின் கலதாவிடம் போம், அவர் வைத்தியம் பார்ப்பவர். அவர் மதீனாவின் அஜ்வாவில் ஏழு எடுத்து, கொட்டையோடு இடித்து உமக்குப் புகட்டட்டும்" என்றார்கள்.

இந்த அறிவிப்பின் தொடரில் பலவீனம் இருப்பதாக ஹதீஸ் ஆய்வாளர்கள் சிலர் சொல்லியிருக்கிறார்கள். அது இருக்கட்டும். இதைப் பகிர்பவர்கள் எல்லாரும் பேரீச்சம்பழத்தைப் பிடித்துக்கொண்டு, நடுவில் இருக்கும் வாக்கியத்தை விட்டுவிடுகிறார்கள். கையால் தொட்டுப்பார்த்து நோய் இன்னதென்று சொன்ன நபி (ஸல்) அவர்களே, தாயிஃபைச் சேர்ந்த ஒரு வைத்தியரின் பெயரைச் சொல்லி அவரிடம் போகச் சொல்கிறார்கள். மருந்தைக் கொடுக்கவேண்டியவரும் அந்த வைத்தியர்தான். சாச்சாவிடம் இதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ எங்க ஹார்ட் டாக்டர்தான் எனக்கு ஹாரிஸா?" என்றார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

நீங்களே தேடிப் பார்க்க விரும்பினால் புகாரியில் மருத்துவம் பற்றிய அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள். தமிழ் மொழிபெயர்ப்பு கிடைக்கிறது. எண்கள் பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம் மாறும், ஆகவே அறிவிப்பாளர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்கவேண்டும். நபி (ஸல்) சொன்ன மருந்தெல்லாம் மார்க்கக் கட்டளையா என்பதில் அறிஞர்களிடையே ஒரே கருத்து இல்லை. டமாஸ்கஸ் அறிஞர் இப்னுல் கையிம் (1292–1350) நபிவழி மருத்துவத்துக்கு ஒரு பெரிய பகுதியே எழுதினார். அவருக்கு அடுத்த தலைமுறையில் வந்த இப்னு கல்தூன் (1332–1406) தம் முகத்திமா என்ற நூலில், அவை அரபு நாட்டுப்புறத்தின் வழக்க மருத்துவம், வஹீயின் (இறைச்செய்தியின்) பகுதி அல்ல, நபி (ஸல்) அனுப்பப்பட்டது மார்க்கத்தைக் கற்பிக்கத்தான் என்று எழுதினார். பேரீச்ச மர மகரந்தச் சேர்க்கை விஷயத்தில் "உங்கள் உலகக் காரியத்தை நீங்களே நன்கு அறிவீர்கள்" என்ற நபிமொழி (முஸ்லிம்) அவருக்கு ஆதாரம். என் மனம் இப்னு கல்தூன் பக்கம். உங்களுக்கு வேறு மாதிரி தோன்றினாலும், இரண்டு கருத்தும் மரபுக்குள்ளேயே இருந்திருக்கின்றன என்பதைத் தெரிந்துகொண்டு பேசுங்கள்.

மூன்றாம் படி: தல்பீனா காய்ச்சுங்கள்

படித்தது போதும், அடுப்படிக்கு வாருங்கள். இந்தத் தேடலில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது இதுதான்.

நபி (ஸல்) அவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) அவர்களின் குடும்பத்தில் யாராவது இறந்தால் பெண்கள் கூடுவார்கள். கூட்டம் கலைந்து, வீட்டாரும் நெருங்கியவர்களும் மட்டும் மிஞ்சியதும் ஒரு சட்டியில் தல்பீனா என்ற பார்லிக் கஞ்சி காய்ச்சச் சொல்வார்கள். ரொட்டியைப் பிய்த்துப்போட்டு ஸரீத் செய்து, அதன் மேல் தல்பீனாவை ஊற்றி, "சாப்பிடுங்கள்" என்பார்கள். "தல்பீனா நோயாளியின் நெஞ்சுக்கு இதமளிக்கும், துக்கத்தில் கொஞ்சத்தைப் போக்கும்" என்று நபி (ஸல்) சொல்லக் கேட்டதாகவும் சொல்வார்கள். புகாரியில் இருக்கிறது. "கொஞ்சத்தை" என்ற சொல்லைக் கவனியுங்கள். மௌத்தான வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு கஞ்சி எவ்வளவு செய்யமுடியுமோ அவ்வளவுதான் வாக்களிக்கப்படுகிறது.

இங்கே "நெஞ்சு" என்று நான் எழுதியது அரபியில் ஃபுஆத். இது இதயம் இல்லை, இரைப்பையின் வாய் என்று விளக்கம் சொன்னவர்களில் மருத்துவர் அப்துல் லத்தீஃப் அல்பக்தாதியும் (1162–1231) ஒருவர். துக்கத்தில் வயிறு வறண்டு சுருங்கிவிடுகிறது, கஞ்சி அதை நனைத்து இதப்படுத்துகிறது என்பது அவர் கணக்கு. நம் நெஞ்செரிச்சலும் அவர் சொன்ன இடத்தில்தானே?

பால் போல வெண்மையாக, இளக்கமாக இருப்பதால் லபன் (பால்) என்ற சொல்லிலிருந்து தல்பீனா. பார்லித் தண்ணீருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று இப்னுல் கையிம் சொல்கிறார்: அதில் பார்லி முழுசாக வேகும், இதில் மாவாக்கிக் காய்ச்சவேண்டும், அதுவும் தவிட்டோடு. செய்முறை இதோ.

பார்லியைச் சுத்தம் செய்து வாசனை வரும்வரை வெறும் சட்டியில் லேசாக வறுத்து, ஆறியதும் மிக்ஸியில் பொடியுங்கள். கடையில் கிடைப்பது பெரும்பாலும் தீட்டிய வெள்ளை பார்லி. தீட்டாதது கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் பரவாயில்லை. ஒருவருக்கு இரண்டு மேசைக்கரண்டி மாவு. அதை முதலில் அரை டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துவிடுங்கள். சூடான பாலில் நேராகக் கொட்டினால் கொழுக்கட்டை கொழுக்கட்டையாகத் திரண்டுவிடும், நான் அப்படித்தான் முதல் தடவை கெடுத்தேன். பிறகு இன்னொரு டம்ளர் தண்ணீரோ கொழுப்பு நீக்கிய பாலோ சேர்த்து, சிறுதீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கிண்டிக்கொண்டே காய்ச்சுங்கள். கரண்டியிலிருந்து வழிந்து விழும் பதத்தில் இறக்குங்கள், ஆற ஆற இன்னும் இறுகும். வெதுவெதுப்பானதும் ஒரு தேக்கரண்டி தேன். சர்க்கரை வியாதி இருந்தால் தேன் வேண்டாம், இரண்டு ஏலக்காயைத் தட்டிப்போடுங்கள். கோதுமையின் குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர் பார்லியையும் தொடக்கூடாது, இரண்டிலும் அது இருக்கிறது.

இன்றைய மருத்துவம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? பார்லியில் பீட்டா குளுக்கான் என்ற கரையும் நார்ச்சத்து இருக்கிறது. குடலில் அது கூழாகிப் பித்தநீரைப் பிடித்துக்கொண்டு வெளியேறுகிறது. புதுப் பித்தநீர் செய்யக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுக்கவேண்டி வருகிறது. இப்படிக் கெட்ட கொலஸ்ட்ரால் ஓரளவு குறைய, தினம் 3 கிராம் பீட்டா குளுக்கான் தேவை. பார்லியின் எடையில் அது 5 சதவீதம் என்று வைத்தால் 60 கிராம் பார்லி ஆகிறது. நாம் போட்ட இரண்டு கரண்டி 20 கிராம்கூடத் தேறாது. ஆகவே காலையில் ஒரு கிண்ணம் குடித்துவிட்டு மாத்திரையை நிறுத்தலாம் என்று யாரும் கணக்குப் போடவேண்டாம். இட்லி, பரோட்டாவுக்குப் பதிலாக வாரத்தில் நாலைந்து நாள் இது வந்தால் வயிறே நன்றி சொல்லும்.

நான்காம் படி: வயிறும் கால்களும்

"வயிற்றைவிட மோசமான பாத்திரம் எதையும் மனிதன் நிரப்புவதில்லை" என்று தொடங்கும் திர்மிதி நபிமொழி பலருக்குத் தெரியும். முதுகை நிமிர்த்தச் சில கவளம் போதும், முடியாவிட்டால் மூன்றில் ஒரு பங்கு உணவு, ஒரு பங்கு தண்ணீர், ஒரு பங்கு மூச்சுக்கு. செய்துபார்க்க எளிய வழி: வழக்கமாகப் போடும் சோற்றில் மூன்றில் ஒன்றை முதலிலேயே திருப்பிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் காய் வையுங்கள். பிரியாணி நாளுக்கு இதைச் சொல்லி உங்களைச் சங்கடப்படுத்தவில்லை.

நோன்பு திறப்பதிலும் ஒரு முரண் இருக்கிறது. நபி (ஸல்) சில பேரீச்சம்பழங்களில், இல்லையென்றால் சில மிடறு தண்ணீரில் திறந்துவிட்டுத் தொழப் போவார்கள் என்கிறார் அனஸ் (ரலி). நம் பக்கத்தில் நோன்புக் கஞ்சி நல்ல விஷயம்தான். அதன் பக்கத்தில் வடையும் சமோசாவும் வந்து உட்கார்ந்துகொண்டதுதான் வினை.

நடைக்கு ஒரு சம்பவம். பனூ ஸலிமா குலத்தார் பள்ளிவாசலிலிருந்து தூரத்தில் குடியிருந்தார்கள். பக்கத்தில் குடிவர ஆசைப்பட்டபோது, "உங்கள் வீடுகளிலேயே இருங்கள், உங்கள் காலடிகள் எழுதப்படுகின்றன" என்றார்கள் நபி (ஸல்). அரைக் கிலோமீட்டருக்குப் பைக் எடுப்பவர்கள் இதை யோசிக்கலாம். போக வர ஒரு கிலோமீட்டர், இரண்டு வேளை நடந்தாலே 25 நிமிடம். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு சுலபமாக நிறைந்துவிடும். தொழுகையின் அசைவுகளே போதும் என்று சொல்பவர்களை நம்பவேண்டாம், அவை மூட்டுக்கு நல்லவை, வேர்க்கும் அளவுக்குப் போவதில்லை.

பழைய நூல்களில் தேடினாலும் கிடைக்காத ஒன்று புகையிலை. அமெரிக்கக் கண்டத்துச் செடி அது, அரபு நாடுகளுக்கு வந்தது 1600-ஐ ஒட்டி. "ஹதீஸில் தடை இல்லையே" என்பவருக்கு "உங்கள் கைகளாலேயே உங்களை அழிவில் போட்டுக்கொள்ளாதீர்கள்" (2:195) போதும். ஏழு அஜ்வாவும் ஒரு பாக்கெட் சிகரெட்டும் சேர்ந்தால் ஜெயிப்பது சிகரெட்தான்.

ஐந்தாம் படி: மருத்துவர்களின் நூல்களை எப்படி அணுகுவது

ஹக்கீம்களின் (யுனானி மருத்துவர்களின்) மருத்துவத்தை நபிமொழியோடு சேர்த்து ஒரே பையில் போடாதீர்கள். அது வேறு ஓடை. ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதில் ஹுனைன் பின் இஸ்ஹாக் என்ற கிறிஸ்தவ மருத்துவர் கேலன் முதலான கிரேக்க மருத்துவர்களின் நூல்களை அரபிக்குக் கொண்டுவந்தார். பின்னால் வந்த மருத்துவர்கள் ராஸீயும் இப்னு ஸீனாவும் அந்த அடித்தளத்தில் நின்றவர்கள். யுனானி என்றாலே கிரேக்கம் என்றுதான் பொருள்.

இப்னு ஸீனா (980–1037) அல்கானூன் என்ற பெருநூலில் இதய நோய்களை எழுதியது போதாதென்று, இதய மருந்துகளுக்கே தனி நூல் எழுதினார். குங்குமப்பூ, ரோஜா, சந்தனம், நெல்லிக்காய், கஸ்தூரி, முத்து எல்லாம் அதில் வரும். உயிர்ச்சக்தி இதயத்தில் பிறக்கிறது, மகிழ்ச்சி அதை விரிக்கிறது, துக்கம் சுருக்குகிறது என்பது அவர் கொள்கை. ஆகவே மனத்தைத் துலங்கச் செய்யும் பொருளெல்லாம் இதய மருந்து. வாட்ஸ்அப் லேகியத்தின் பூர்வீகம் இதுதான். கவித்துவமான கொள்கை. ஆனால் அடைப்பு என்ற நோயே அன்று யாருக்கும் தெரியாது என்பதால், அடைப்புக்கு அவர் மருந்து சொன்னார் என்பது பொய்.

அவரிடமிருந்து இன்றே எடுத்துக்கொள்ளக்கூடியது நாடி. நாடியில் பத்து விஷயம் பார்க்கச் சொல்கிறார்: அளவு, வலு, வேகம் என்று போகும். அதில் ஒரு நுணுக்கம்: நாடி தடுமாறினால், அந்தத் தடுமாற்றத்துக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறதா, ஒழுங்கே இல்லையா என்று பார்க்கவேண்டும். ஜுர்ஜானில் காதல் நோயில் கிடந்த இளைஞன் ஒருவனின் நாடியில் விரல் வைத்துக்கொண்டு, தெருப் பெயர்களையும் வீட்டுப் பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லவைத்து, நாடி துள்ளிய இடத்தை வைத்தே பெண்ணைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, பெயர்களைச் சொல்லி நாடியைப் பார்க்கும் இந்த முறையை அவரே கானூனில் எழுதியிருக்கிறார்.

நீங்களும் பாருங்கள். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்துவிட்டு, மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக மூன்று விரல் வைத்து, 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். 60 முதல் 100 வரை சாதாரணம். எண்ணைவிடத் தாளத்தைக் கவனியுங்கள். ஒழுங்கே இல்லாமல் தடுமாறினால் அது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக இருக்கலாம். இதயத்துக்குள் ரத்தம் உறைந்து மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரக் காரணமாகும் கோளாறு அது. ஒரு இசிஜி எடுத்தால் தெரிந்துவிடும்.

இப்னு ஸீனாவோடு நிற்கவேண்டாம் என்பதற்கு எனக்குக் காரணம் இப்னு நஃபீஸ் (1213–1288). டமாஸ்கஸில் படித்துக் கெய்ரோவில் வாழ்ந்த மருத்துவர், ஷாஃபிஈ சட்ட அறிஞரும்கூட. 1242-இல் கானூனின் உடற்கூறுப் பகுதிக்கு உரை எழுத உட்கார்ந்தவர், மூல ஆசிரியரையே திருத்தினார். வலது அறையிலிருந்து இடது அறைக்கு நடுச்சுவரின் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக ரத்தம் போகிறது என்று கேலன் சொல்ல, ஆயிரம் வருடம் எல்லாரும் ஒப்பித்தார்கள். அங்கே துளை கிடையாது, ரத்தம் நுரையீரலுக்குப் போய்க் காற்றோடு கலந்து இடது அறைக்குத் திரும்புகிறது என்று இவர் எழுதினார். ஐரோப்பாவில் ஸெர்வெட்டஸ் இதை அச்சிட்டது 1553-இல். இதயத்துக்கு மூன்று கீழறை என்று இப்னு ஸீனா சொன்னதையும் மறுத்து, இரண்டுதான் என்றார். இதயம் தனக்கான உணவைத் தன் சதைக்குள் ஓடும் நாளங்களிலிருந்து பெறுகிறது என்றும் எழுதினார். சாச்சாவுக்கு ஸ்டென்ட் வைத்தது அந்த நாளம் ஒன்றில்தான். இந்த உரை பெர்லின் நூலகத்தில் கிடந்ததை 1924-இல் எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் தத்தாவி எடுத்துக் காட்டும்வரை உலகுக்கு இது மறந்தே போயிருந்தது.

ஆறாம் படி: யாரிடம் கேட்பது, எப்போது கேட்பது

ஸ்டென்ட் வைத்தவர்கள் பெரும்பாலும் ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் சாப்பிடுவார்கள். இரண்டும் ரத்தம் உறையாமல் தடுப்பவை. இந்த நிலையில் கீறி ரத்தம் எடுக்கும் ஹிஜாமா ஆபத்து. முதுகுத் தோலிலிருந்து வரும் ரத்தத்துக்கும் இதய நாளத்தின் அடைப்புக்கும் சம்பந்தமும் இல்லை. கருஞ்சீரகம், பூண்டு சமையலில் போடும் அளவுக்குப் பயமில்லை. எண்ணெயாகவும் மாத்திரையாகவும் எடுப்பதானால் மருத்துவரிடம் சொல்லுங்கள். யுனானி கமீராக்கள் (லேகியங்கள்) சர்க்கரைப் பாகிலோ தேனிலோ கிண்டப்படுபவை என்பதையும் மறக்கவேண்டாம். யுனானி வேண்டுமென்றால் பட்டம் பெற்ற ஹக்கீமிடம் போங்கள். சென்னை அரும்பாக்கத்தில் அரசு யுனானி மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல் என்றால் எதையும் ஊட்டிக்கொண்டிருக்காமல் தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. சர்க்கரை நோயாளிக்கு வலியே இல்லாமலும் வரலாம். ஓதவேண்டியதை ஆம்புலன்ஸில் ஓதிக்கொள்ளலாம்.

நோன்பு பற்றிய கேள்விக்கு இரண்டு பேர் தேவை. நோயாளி நோன்பை விட்டு வேறு நாளில் நோற்கலாம் என்று குர்ஆனே (2:184) சொல்கிறது. தீராத நோயென்றால் என்ன செய்வது என்று ஆலிம் சொல்வார். நீங்கள் அந்த நோயாளியா என்பதை இதய மருத்துவர்தான் சொல்லமுடியும். மூன்று வேளை மாத்திரையை ஸஹருக்கும் (நோன்பு பிடிக்கும் நேரம்) இஃப்தாருக்கும் (நோன்பு திறக்கும் நேரம்) மாற்றமுடியுமா, நீர் பிரிக்கும் மாத்திரை இருக்கிறதா, நீர்வறட்சி தாங்குமா என்று கேட்டுவிடுங்கள். எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், வாட்ஸ்அப் எண்ணெய்ப் புட்டியையும் சேர்த்துத்தான். ரமலானுக்கு முந்தைய ஷஅபான் மாதத் தொடக்கத்திலேயே போய்விடுங்கள். மருந்தின் நேரத்தை மாற்றினால், அது ஒத்துக்கொள்கிறதா என்று நோன்புக்கு முன்பே பார்க்க அவகாசம் வேண்டும். சாச்சா இந்த முறை அதற்கும் முந்தைய ரஜபிலேயே நேரம் வாங்கிவிட்டார்.